எட்டு வளையல், பெற்றுக்கொண்டேன்

1

என் மகன் செந்தில் என்னோடு பேசி இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. ஒரே கூரையின் கீழேதான் இருக்கிறோம். மெல்பர்ன் நகரின் மேற்குப் புறத்தில், நான்கு படுக்கையறை கொண்ட வீடு. காலை ஆறு இருபதுக்கு அவன் குளியலறைக் கதவு திறக்கும். ஏழு ஐந்துக்குக் கார் கிளம்பும். அந்த நாற்பத்தைந்து நிமிடமும் நான் என் அறையிலேயே இருந்துவிடுகிறேன். கார் போன பிறகு சமையலறைக்கு வந்து பார்த்தால், எனக்கும் சேர்த்துக் காபி போட்டு மூடி வைத்திருப்பான். பேசாதவன் காபி மட்டும் ஏன் போடுகிறான் என்று முதல் வாரம் சந்தேகப்பட்டேன். இன்னும் அது முழுதாகத் தீரவில்லை. குடித்துவிடுகிறேன்.

வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டுப் பதினோரு நாள் ஆகிறது. இதுவரை ஆறு குடும்பங்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. அவர்கள் வரும்போது வீட்டு ஆட்கள் வெளியே போய்விட வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், வழக்கம் என்கிறார் தரகர். நான் எதிர்ப்பக்கப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களையும் வெளியே வந்தவர்களையும் எண்ணிக்கொள்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பதினேழு பேர் வாட்ஸாப்பில் விசாரித்திருக்கிறார்கள். 'நல்லாருக்கீங்களா' என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் 'கேஸ் என்னாச்சு' என்று வந்து நிற்பார்கள். பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். மருமகள் நகையை மாற்றிவைத்தவன் என்று இன்னொரு பேச்சும் இருக்கிறதாம். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்க முடியாது. பதினேழு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் பதினேழு கதையாகிவிடும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

2

என் மருமகள் மகேஸ்வரி தனியாகப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒன்பது வயதுப் பேத்தி நிலா ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவளுடைய தமிழ் அங்கே போகும் வாரத்தில் கொஞ்சம் கூடுகிறது, இங்கே வரும் வாரத்தில் கொஞ்சம் குறைகிறது என்பதைக் கவனித்தேன். நான் இருக்கும் வீட்டில் குறைவதற்கு என்ன காரணம் என்று யோசித்தும் பார்த்தேன்.

இங்கே விவாகரத்துக்கு யார் மேல் தப்பு என்று கேட்பதில்லை. பன்னிரண்டு மாதம் பிரிந்திருந்தால் போதும். ஆனால் சொத்து விஷயத்தில் விடமாட்டார்கள். வீடு, கார், சேமிப்பு, ஓய்வூதிய நிதி, கடன், நகை என்று இருவரும் எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் சரிபாதி பிரித்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்வது தவறு. யார் எதைக் கொண்டுவந்தார்கள், யார் எப்படி உழைத்தார்கள், பிள்ளை யாரிடம் வளர்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நம் ஊரில் முதலில் சண்டை, பிறகுதான் சாமான். இங்கே எடுத்த எடுப்பில் சாமான். முப்பத்து நான்கு வருடம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு இது நல்ல முறையாகத்தான் தெரிந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள், ராஜபாளையத்து வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் ராமலட்சுமி ஒரு காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். கூடவே குரல் பதிவு.

"அய்யா, போலீஸ்காரம்மா வந்து குடுத்துட்டுப் போனாவ. ஸ்ரீவில்லிபுத்தூரு மகளிர் ஸ்டேஷன்ல இருந்தாம். ஒண்ணாவது பேரு தம்பியோடது. ரெண்டாவது ஒங்க பேரு. நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல."

இரண்டே நாளில் ஒன்பது பேருக்குத் தெரிந்திருந்தது.

புகார் கொடுத்தவர் மகேஸ்வரியின் அப்பா. வத்திராயிருப்புக்காரர், தென்னந்தோப்பு உள்ளவர், ஓய்வு பெற்ற ஏட்டு. நான் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்துப் போனில் விளக்கம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ஒன்று, கணவரும் அவரைச் சேர்ந்தவர்களும் செய்யும் கொடுமை. ஊரெல்லாம் 498ஏ என்று சொல்லும் அந்தப் பிரிவுக்கு இப்போது எண் 85. இரண்டு, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தராத நம்பிக்கை மோசடி. 406 ஆக இருந்தது 316 ஆகியிருக்கிறது. மூன்று, வரதட்சணைத் தடைச் சட்டம். குற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"இன்னும் வழக்காப் பதியல சார். மனு விசாரணைதான். பயப்பட வேண்டாம். ஆனா பின்னாடி ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க பாருங்க. அதுல கையெழுத்து ஒங்களோடதா?"

என்னுடையதுதான்.

3

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராஜபாளையத்தில் கல்யாணம். முதல் நாள் மாலை பெண் வீட்டார் இரண்டு வேனில் சீர் கொண்டுவந்து மண்டபத்தில் பரப்பினார்கள். வழக்கமாக நாலு பெண்கள் கூடி நின்று பார்ப்பார்கள், மூக்கில் விரல் வைப்பார்கள், அதோடு முடிந்துவிடும். எனக்கு அது சரிப்படவில்லை. மில் வாசலுக்குள் ஒரு பேரிங் வந்தாலும் எண்ணி, எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே எடுப்பேன். நாளைக்கு ஒரு அண்டா காணோம் என்றால் யாரைக் கேட்பது?

கோடு போட்ட தாளில் வரிசை எண் போட்டு எழுதினேன். குத்துவிளக்கில் தொடங்கிப் பீரோ வரை மொத்தம் எண்பத்து நான்கு உருப்படி. அதில் நகை இருபத்தொன்று: எட்டு வளையல், ஒரு ஆரம், இரண்டு நெக்லஸ், ஆறு ஜிமிக்கி, நான்கு மோதிரம். நாற்பது பவுன். கீழே கையெழுத்து, தேதி. ஒரு பிரதியை ஏட்டையாவிடம் நீட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு குடுக்க வந்தா பில்லு போடுதீக? பொண்ணையும் ஒரு உருப்படின்னு எழுதிக்கிட வேண்டியதுதான!" என்று அவர் சிரித்தார். மண்டபமே சிரித்தது. பிரதியை மட்டும் அவர் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். போலீஸ்காரர்.

நாங்கள் ஒரு பைசா கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தன் கையால் எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்ட பட்டியலைப் பார்க்கிற யாருக்கும், கேட்டு வாங்கியதாகத்தான் தோன்றும் என்றார் வக்கீலம்மா.

மனைவி இறந்த பிறகு நானும் மெல்பர்னுக்கு வந்துவிட்டேன். ஆடிப்பூரத் தேரையொட்டி எல்லோரும் ஊருக்குப் போவோம். தங்கத்தை விமானத்தில் கொண்டுவந்து கொண்டுபோவது தொல்லை என்று, நகைகளை ராஜபாளையத்து மாடி வீட்டுப் பீரோவிலேயே வைத்திருந்தோம். ஒரே சாவி, என் அரைஞாணில். போனதும் எண்ணி எடுத்துக் கொடுப்பேன். கிளம்பும்போது மகேஸ்வரி கழற்றித் தருவாள், எண்ணி உள்ளே வைப்பேன். ஒவ்வொரு தடவையும் என் பிரதியில் ஒரு டிக், பக்கத்தில் தேதி. ஒன்பது பயணம், பதினெட்டு டிக்.

4

புகாரில் ஒரு வரி இருந்தது. மெல்பர்னில் கொடுத்த சொத்து விவரத்தில், மனைவியின் நகைகள் ராஜபாளையத்தில் தன் தந்தையின் வசம் இருப்பதாகக் கணவர் எழுதியிருக்கிறார். பலமுறை கேட்டும் திருப்பித் தரவில்லை.

இதில் எனக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை. என் வசம்தானே இருக்கிறது? பீரோவைத் திறந்தால் முடிந்தது. நான் நேரில் போகிறேன் என்றேன்.

"எதுக்குப்பா? வக்கீல் பாத்துக்குவாங்க. இந்த வயசுல அலையணுமா?" என்றான் செந்தில்.

டிக்கெட் காசுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மறுநாளும் சொன்னான், அதற்கு மறுநாளும் சொன்னான். மூன்று தடவை. மகேஸ்வரி மேல்தான் எனக்குச் சந்தேகம். பொருள் எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டே அப்பாவை ஏவிவிட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டி விமானம் ஏறினேன்.

ராஜபாளையத்து வீட்டில் பையை வைத்ததும் முதல் வேலையாகப் பீரோவைத் திறந்தேன். ராமலட்சுமி படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எண்ணினேன். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், ஒரு கரண்டி குறையவில்லை. நகைப் பெட்டியில் இருபத்தொன்றும் இருந்தன. பத்தொன்பதாவது டிக் போட்டேன்.

மறுநாள் காலை பெட்டியை மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பேசி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எனக்கு அன்று பயமே இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தேன்.

5

ஸ்டேஷனில் வக்கீலம்மா இருந்தார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எதிரே ஏட்டையா வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, அம்புட்டும் இருக்கா?"

"எண்ணிப் பாத்துக்கோங்க ஏட்டையா. ஒண்ணு கொறஞ்சா என்னைக் கேளுங்க."

"எண்ணுறது இருக்கட்டும். எடை போட்டு, ஒரைச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. செத்த நேரம் இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு நகை ஆசாரியை வரவழைத்திருந்தார்கள்.

ஆசாரி ஒரு வளையலை எடுத்து உள்ளங்கையில் ஆட்டிப் பார்த்தார். கல்லில் உரைத்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. எட்டு வளையலும் முடிந்து ஆரத்தை எடுக்கும்போது இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"மேடம், இது கவரிங்கு. நல்ல கவரிங்கு, முலாம் கனமாப் போட்டிருக்கான். ஆனா கவரிங்குதான். அம்புட்டுமே."

ஏட்டையா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"ரெண்டு ஏக்கர் தோப்ப வித்துப் போட்ட நகைய்யா அது! ஸ்டேஷனுக்கே கவரிங்கக் கொண்டாந்து, எண்ணிக்கோ எண்ணிக்கோங்குதாரு! முப்பத்தொரு வருசம் காக்கி போட்டவன்ட்டயே இந்த வேலையா?"

ஆசாரி மாற்றிவிட்டார் என்று சொல்ல நினைத்தேன். அவர் கை என் கண் முன்னால்தான் இருந்தது. ராமலட்சுமியோ? பீரோ உடைபடவில்லை.

"சாவி யார்ட்ட இருக்கு அய்யா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என்கிட்ட."

"வேற சாவி?"

"கிடையாது."

என் பிரதியை வாங்கி டிக்குகளைப் பேனா முனையால் எண்ணினார். எனக்கு ஒரு கணம் அவரைப் பிடித்துப்போனது.

"பத்தொம்பது. பத்தொம்பது தடவையும் நீங்கதான் எண்ணியிருக்கீங்க. எல்லாத் தடவையும் சரியா இருந்திருக்கு."

"ஆமா."

"அப்ப மாத்துனது யாரு?"

வக்கீலம்மா குறுக்கிட்டு, வாக்குமூலம் மறுநாள் காலை தருகிறோம் என்று நேரம் வாங்கினார். வெளியே வந்ததும் சொன்னார்: "கொடுமைன்னு சொல்றத மறுக்கலாம் சார். இந்த நம்பிக்கை மோசடி இருக்கே, அதுக்கு ஒப்படைச்சது, ஒங்க கையில இருந்தது ரெண்டும் நிரூபிக்கணும். ரெண்டையும் நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

6

வக்கீலம்மாவின் அறையில் உட்கார்ந்து செந்திலைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"ஏலே, நகையெல்லாம் கவரிங்காம்."

ஆச்சரியப்படுகிறவன் 'என்ன' என்று கேட்பான். அவன் கேட்கவில்லை.

"எட்டு வருசத்துக்கு முந்தி, மதுரைக்குப் பாலிஷ் போடப் போனோமேப்பா," என்றான்.

எனக்கு நினைவு இருந்தது. மூன்றாவது பயணம். காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். மெல்பர்னுக்குக் கிளம்பும் நாளில் ஆறாவது டிக் போடும்போது, பாலிஷ் நன்றாக வந்திருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

"வித்துட்டோம். இங்க வீட்டுக்கு முன்பணம் பத்தல. ஒங்ககிட்ட கேட்டா நூறு கேள்வி கேப்பீங்க. அவளும் கூடத்தான் வந்தா. கவரிங்க வாங்குனதே அவதான்."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்ல. பேங்க்ல அப்ப அதுதான் லேசா இருந்துச்சு."

"நகை வீட்டுக்குள்ள போச்சுன்னு இப்ப எழுதுனா?"

"அவளுக்குப் பங்கு கூடும்பா. நான் வீட்டை வித்துத்தான் குடுக்கணும்."

அதனால்தான் 'அப்பா வசம்' என்று எழுதியிருக்கிறான். எழுதும்போது என் வசம் இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்க. பீரோவுல வச்சேன், எடுத்தேன், வேற எதுவும் எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்த மதுரை விஷயம் வேண்டாம். ஒங்களுக்கு எழுபத்தாறு வயசு. ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க, முன்ஜாமீன் கிடைச்சிரும். எனக்குன்னா வேலை போயிரும்."

சின்ன வயதில் பரீட்சைத் தாளில் என் கையெழுத்தை அவனே போட்டுக்கொண்டதில்லை. எவ்வளவு குறைந்த மதிப்பெண்ணானாலும் கொண்டுவந்து நீட்டுவான். போனை வைத்தேன்.

அன்று சாயங்காலம் முழுவதும் கணக்குப் போட்டேன். தெரியாது என்றால் பழி என் மேல். ஜாமீன் கிடைக்கும், ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எத்தனை வாய்தா என்று யாருக்கும் தெரியாது, பேத்தியைத் திரும்பப் பார்ப்பேனா என்பதும் தெரியாது. உண்மையைச் சொன்னால் வீடு போகும், மகனும் போவான். இவன் என்னைக் குற்றவாளியாக்க நினைத்தானா, அல்லது வேறு வழி தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானா? எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் விடை வரவில்லை. ஆனால் பொய்யை எழுதி அதன் கீழே என் பெயரைப் போட இந்தக் கை பழகவில்லை.

மறுநாள் நானே எழுதினேன். பதினோரு வரி. விற்ற வருடம், ஊர், போன இருவர் பெயர், எந்தச் செலவுக்காக விற்றார்கள் என்பது. கடைசி வரியில், பெட்டியில் இருக்கும் இருபத்தொரு உருப்படியும் முலாம் பூசியவை, அதை நான் அறியாமலே எண்ணிவந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏட்டையா வாங்கி இரண்டு தடவை படித்தார். "எம் மவளும் கூடப் போனாளா?" என்று கேட்டவர், அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். அவர் பேசியது இவ்வளவுதான்: "ஏட்டி, நீயும் போனியா?... எங்கிட்ட ஏன் சொல்லல?... சரி. அழாத. சரி வையி."

பிறகு என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஏதோ பேரம் பேசப் போகிறார் என்று எச்சரிக்கையாக உட்கார்ந்திருந்தேன். டீ முடிந்தது. காசை அவரே கொடுத்தார்.

"நீரு மகனுக்காகப் பொய் சொல்வீருன்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. நானா இருந்தா சொல்லியிருப்பேன்," என்றார்.

பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை. என் பெயரை நீக்கிவிடும்படி அன்றே எழுதிக் கொடுத்தார். நகையின் மதிப்பை மகளின் பங்காக மெல்பர்னில் ஒப்புக்கொண்டால் மற்றதையும் மனுவோடு முடித்துக்கொள்வதாகச் சொன்னார். வழக்காகப் பதிவாகாததால் அது சாத்தியம் என்றார் வக்கீலம்மா.

7

இங்கே திரும்பி வந்தேன். என் பதினோரு வரியை ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை குத்தினார். நான் எழுதிய 'அறியாமலே எண்ணிவந்தேன்' என்பதை எப்படி மாற்றினாரோ, எனக்குச் சரிபார்க்கத் தெரியவில்லை. செந்தில் தன் சொத்து விவரத்தைத் திருத்திக் கொடுத்தான். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. எந்தக் கோர்ட்டும் அவனைக் கூண்டில் ஏற்றவில்லை, வேலையும் போகவில்லை. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது.

போன சனிக்கிழமை நிலாவைக் கூட்டிப்போக மகேஸ்வரி வந்தாள். வாசலோடு நின்றுவிடுகிறவள், அன்று நான் கேட்டதால் சமையலறை வரை வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். நகைய வித்தீங்க, சரி. எனக்கு எதுக்குக் கவரிங்க வாங்கி வச்ச? வித்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க மாமா?"

யோசித்துப் பார்த்தேன். "ஒங்க அப்பாவுக்குப் போன் போட்டிருப்பேன்."

"அதான்."

"ஏழு வருசம், நான் எண்ணுறப்ப பக்கத்துலயே நின்னியே. இந்தக் கிழவன ஏமாத்துறோம்னு உள்ளுக்குள்ள சிரிச்சியாக்கும்?"

"சிரிப்பா?" அவள் நிலாவின் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "பயந்துட்டே நிப்பேன் மாமா. எண்ணி முடிச்சிட்டு நிமிந்து என் மூஞ்சியப் பாப்பீங்க. இன்னைக்குக் கண்டுபுடிச்சிருவாருன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். வீடும் என் பேர்ல இல்ல, நகையும் இல்ல, எங்க அப்பாட்ட சொல்லவும் முடியல, அவரு புகார் குடுக்கக் கெளம்புனப்பக்கூட. நீங்களாக் கண்டுபுடிச்சுக் கேட்டுட்டா எல்லாத்தையும் சொல்லிரலாம்னு பொறவு பொறவு ஆசையாவே நிப்பேன். நீங்க டிக் போட்டுட்டுப் பீரோவப் பூட்டிருவீங்க."

அவள் போய்விட்டாள். நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது டிக்கிலிருந்து பதினெட்டாவது வரை, பதின்மூன்று தடவை நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன பார்த்தேன் என்று எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.